கிழக்கு விடுதிச் சோறு

பினாங்கின் நோய்க் கணக்கு: அத்தியாயம் 9

1830இல் பினாங்கு அரசு அச்சகத்தில் அச்சான மருத்துவப் புள்ளிவிவர நூலோடு சென்ற அத்தியாயத்தை நிறுத்தியிருந்தோம். மலாக்கா, பினாங்கு இரண்டின் நோய்நொடிகளையும் வார்டு, கிராண்ட் என்ற இரு மருத்துவர்கள் அதில் தொகுத்திருந்தார்கள். அந்தக் காலத்து ஆஸ்பத்திரிக் கணக்கு எளிமையானது. இத்தனை பேர் வந்தார்கள், இத்தனை பேர் செத்தார்கள், நூற்றுக்கு இத்தனை. எப்போது வந்தார், எத்தனை நாள் இருந்தார், நடுவில் எழுந்து போனாரா என்பதெல்லாம் அந்த நூற்று வீதத்துக்குள் கரைந்துவிடும். அதைத் திரும்பப் பிரித்தெடுக்கக் கணிதத்துக்கு இன்னும் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அந்தக் கதையின் நடுப்பகுதி ஒரு தட்டுச் சோற்றில் இருக்கிறது. அந்தச் சோறு நம்முடையது.

1904இல் ஜார்ஜ் டவுன் சூலியா தெருவில் இருபத்தைந்து வயது மருத்துவர் ஒருவர் கடை விரித்தார். பினாங்கில் பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, குவீன்ஸ் உபகாரச் சம்பளத்தில் கேம்பிரிட்ஜ் போய்வந்த வூ லியன் தே. பின்னாளில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக்கை அடக்கிய, துணி முகக்கவசத்தைப் பரப்பிய அதே வூ தான். சூலியா தெருவுக்கு வருவதற்கு முன் ஓராண்டு கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் இருந்தார். அங்கே அவர் கையில் எடுத்த நோய்களில் ஒன்று பெரிபெரி.

கால் மரத்துப்போகும், கெண்டைக்கால் சதை வலிக்கும், வீங்கும், நடை தள்ளாடும், ஒரு நாள் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கம், சிறை, மனநோய் விடுதி, காவலர் குடியிருப்பு என்று ஆட்களை மொத்தமாகச் சேர்த்துவைத்து ஒரே சமையல் போடும் இடமெல்லாம் பெரிபெரியின் கோட்டை. லாரூட் சுரங்கங்களுக்குப் பினாங்கு வழியாகப் போன சீனத் தொழிலாளிகளில் இதற்குப் பலியானவர்கள் ஏராளம். காரணம் என்ன என்பதில் மருத்துவர்களிடையே கட்சி கட்சியாகச் சண்டை. ஆய்வுக் கழகத்தின் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட், இது இடத்தைப் பிடித்துக்கொண்டு பரவும் தொற்று என்றார். கட்டடத்தில் கிருமி தங்கியிருக்கிறது, அங்கே போகிறவனுக்கு ஒட்டிக்கொள்கிறது என்பது அவர் வாதம்.

சிரம்பானில் இருந்த அரசு மருத்துவர் டபிள்யூ. எல். பிராடன் வேறொன்றைக் கவனித்தார். ஒரே ஊர், ஒரே தண்ணீர், ஒரே கொசு. ஆனால் தமிழனுக்கு பெரிபெரி வருவதே அபூர்வம். சொந்த நெல்லை வீட்டில் குத்தித் தின்னும் கம்பத்து மலாய்க்காரனுக்கும் அப்படித்தான். சீனனுக்கு வருகிறது. சிறைக்குப் போனால் மலாய்க்காரனுக்கும் வருகிறது. பிராடன் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். சீனர் சாப்பிட்டது ஆலையில் தீட்டிய சயாம் வெள்ளை அரிசி. தமிழர் சாப்பிட்டது புழுங்கல்.

புழுங்கல் அரிசியைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை என்றாலும், பினாங்கில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் மட்டும் அதைச் சந்திக்கும் இளையவர்களுக்காக ஒரு பத்தி. நெல்லை உமியோடு ஊறவைத்து, அண்டாவில் ஆவி வர அவித்து, களத்தில் காலால் தள்ளித் தள்ளிக் காயவைத்து, அதன் பிறகுதான் குத்துவார்கள் அல்லது ஆலைக்கு அனுப்புவார்கள். தவிட்டிலும் முளையிலும் இருக்கும் தயமின் என்ற பி1 வைட்டமின், ஊறும்போதும் அவியும்போதும் அரிசிக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிடும். பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுதாகப் போகாது. தஞ்சாவூர்க்காரி தயமினை நினைத்து நெல் அவிக்கவில்லை. அவித்த நெல்லில் நொய் குறையும், பூச்சி எளிதில் பிடிக்காது, சோறு வயிற்றில் நிற்கும். நாகப்பட்டினத்தில் கப்பலேறி செபராங் பிறைக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்த கூலிகளும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. மலேரியாவும் சீதபேதியும் அவர்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றன. இந்த ஒரு நோய் மட்டும் விலகி நின்றது.

பிராடன் 1907இல் தடித்த புத்தகமே எழுதினார். ஆனால் அவர் கையில் இருந்தது கவனிப்புதான், சோதனை அல்ல. தமிழனும் சீனனும் அரிசியில் மட்டுமா வேறுபட்டார்கள்? ரசத்தில், பருப்பில், அபினில், வேலையில், குடியிருப்பில் எல்லாவற்றிலும் வேறுபட்டார்கள். இனமா, இடமா, அரிசியா என்று பிரிக்க, மற்றதெல்லாம் ஒன்றாக இருக்க அரிசியை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

அதைச் செய்தவர் கோலாலம்பூரின் வில்லியம் ஃபிளெட்சர். அவருடைய பொறுப்பில் இருந்த மனநோய் விடுதியில் 1905இல் பெரிபெரி தலைவிரித்தாடியது. அந்த ஆண்டு டிசம்பரில் நோயாளிகள் எல்லோரையும் உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, இடப்பக்கத்திலிருந்து எண்ணச் சொன்னார். ஒற்றைப்படை எண்காரர்கள் முற்றத்தின் கிழக்கு விடுதிக்குப் போனார்கள். அவர்களுக்கு வழக்கமான சயாம் வெள்ளை அரிசி. இரட்டைப்படைக்காரர்கள் மேற்கு விடுதிக்குப் போனார்கள். அவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மீதிச் சாப்பாடு இருவருக்கும் ஒன்றே. பிறகு வந்து சேர்ந்தவர்களையும் அதே போல மாற்றி மாற்றிப் பிரித்தார்கள். ஆண்டின் நடுவில் ஃபிளெட்சர் இன்னொரு வேலையும் செய்தார். கிழக்கிலிருந்தவர்களை மேற்குக்கும், மேற்கிலிருந்தவர்களை கிழக்குக்கும் மாற்றினார். அவரவர் அரிசியை மட்டும் மாற்றவில்லை. கட்டடத்தில் கிருமி இருக்கிறது என்ற ஹாமில்டன் ரைட்டின் வாதத்துக்கு அது நேரடிப் பதில். நோய் கட்டடத்தோடு தங்கவில்லை, அரிசியோடு போனது.

1906 முடிந்தபோது கணக்கு இது: வெள்ளை அரிசி சாப்பிட்ட 120 பேரில் பெரிபெரியால் இறந்தவர்கள் 18. புழுங்கல் சாப்பிட்ட 123 பேரில் ஒருவரும் இல்லை.

இந்த மனிதர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. மனநோய் விடுதியில் 1905இல் அது யாருக்கும் தோன்றவும் இல்லை. பதினெட்டாவது ஆள் சாகும்வரை காத்திருக்க வேண்டியிருந்ததா என்ற கேள்வியை இன்று கேட்காமல் இந்தக் கணக்கைப் படிக்க முடியாது. அந்தக் கேள்வியைப் பின்னால் எடுத்துக்கொள்கிறேன்.

18க்கு 0. இதற்கு ஒரு சோதனை தேவையா என்று கேட்கலாம். ஃபிளெட்சருக்கும் தேவைப்படவில்லை. 1900இலேயே கார்ல் பியர்சன் கை-வர்க்கச் சோதனையை வெளியிட்டிருந்தார். 1907இல் லேன்செட்டில் வந்த ஃபிளெட்சர் கட்டுரையில் அதன் வாடையே கிடையாது. ஆனாலும் நாம் போட்டுப் பார்ப்போம், ஏனெனில் இந்த எண்களில்தான் பின்னால் வரப்போகும் முறை மிகத் தெளிவாகத் தெரிகிறது.

கருதுகோள் சோதனை என்பது எதிர்க்கட்சிக்காரனின் பேச்சை ஒரு நிமிடம் அப்படியே ஒப்புக்கொள்வதுதான். அரிசிக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் யார் சாகிறார் என்பது விடுதியைப் பொறுத்ததல்ல. முதல் சாவு நடந்த நாளில் இரு பக்கமும் சேர்த்து 243 பேர் இருந்தார்கள் என்று எடுத்துக்கொண்டால், அது வெள்ளை அரிசிப் பக்கத்தில் விழுவதற்கான வாய்ப்பு 243இல் 120. அவர் போய்விட்டார். இரண்டாவது சாவின்போது 242இல் 119. மூன்றாவதில் 241இல் 118. இப்படியே இறங்கினால் பதினெட்டாவதில் 226இல் 103. பதினெட்டும் ஒரே பக்கத்தில், அதுவும் வெள்ளை அரிசிப் பக்கத்தில் விழ வேண்டுமென்றால் இந்தப் பதினெட்டுப் பின்னங்களையும் பெருக்க வேண்டும். கிடைப்பது ஏறத்தாழ ஆறரை லட்சத்தில் ஒன்று. எதிர்க்கட்சிக்காரன் இதற்குப் பிறகும் பேசலாம். கேட்க ஆள் இருக்காது.

மேலே ஒரு காரியம் நடந்ததைக் கவனித்தீர்களா? ஒவ்வொரு சாவுக்கும் தனித்தனியாக ஒரு சிறு கணக்குப் போட்டோம். அன்று உயிரோடு, கண்காணிப்பில் இருந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் இந்தப் பக்கத்தார் எத்தனை பேர் என்பதை மட்டும் பார்த்தோம். உயிர்வாழ்வுப் பகுப்பாய்வில் இன்று உலகமெங்கும் பயன்படும் லாக்-ரேங்க் சோதனையின் முழு உள்ளமும் இதுதான். மேலே உள்ள பின்னங்களைப் பெருக்காமல் கூட்டினால், அரிசிக்குச் சம்பந்தமில்லாத உலகில் வெள்ளை அரிசிப் பக்கத்தில் எதிர்பார்க்க வேண்டிய சாவு கிடைக்கும்: ஏறத்தாழ 8.6. நடந்தது 18. வித்தியாசம் 9.4. தற்செயலாக இது எவ்வளவு அலையும் என்பதைக் காட்டும் மாறுபாட்டையும் அதே பதினெட்டுக் கணக்குகளிலிருந்து கூட்டினால் 4.5 வரும். வித்தியாசத்தின் வர்க்கத்தை அதனால் வகுத்தால் 20க்குச் சற்றே குறைவு. 3.84ஐத் தாண்டினாலே நூற்றுக்கு ஐந்து என்ற வழக்கமான வரம்பைத் தாண்டியதாக அர்த்தம்.

ஆனால் நான் மேலே ஒரு சலுகை எடுத்துக்கொண்டேன். 243 பேரும் முதல் நாளிலிருந்தே இருந்தார்கள், யாரும் வெளியே போகவில்லை என்று வைத்துக்கொண்டேன். நிஜ விடுதி அப்படி இருக்காது. ஒருவர் பிப்ரவரியில் சேர்ந்திருப்பார், ஒருவர் ஏப்ரலில் குணமாகி வீட்டுக்குப் போயிருப்பார், ஒருவர் சீதபேதியில் இறந்திருப்பார். வீட்டுக்குப் போனவரை என்ன செய்வது? அவருக்கு நோய் வரவில்லை என்று எழுதினால் பொய். இன்னும் மூன்று மாதம் இருந்திருந்தால் வந்திருக்கலாம். அவரைக் கணக்கிலிருந்தே தூக்கினால் அதுவும் பொய். ஏப்ரல் வரை அந்த அரிசியைத் தின்று நோயில்லாமல் இருந்தார் என்பது உண்மையான செய்தி. வார்டு காலத்து நூற்று வீதம் இந்த இரண்டு பொய்களில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சாவுக்குச் சாவு போடும் கணக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. ஏப்ரல் வரை அவர் ஒவ்வொரு பின்னத்தின் கீழ்ப்பகுதியிலும் ஒரு ஆளாக நிற்பார். மே மாதச் சாவின்போது இருக்கமாட்டார். பிப்ரவரியில் வந்தவர் பிப்ரவரியிலிருந்து நிற்பார். தேவை ஒன்றே ஒன்று: ஒவ்வொருவரும் வந்த தேதி, போன தேதி, எப்படிப் போனார் என்ற குறிப்பு. விடுதிப் பதிவேட்டில் அதை எழுதும் குமாஸ்தா இல்லாமல் எந்தச் சோதனையும் இல்லை.

இதிலும் ஒரு நிபந்தனை உண்டு. வெளியே போனதற்கும் நோய்க்கும் சம்பந்தம் இருக்கக் கூடாது. கால் வீங்கத் தொடங்கியவர்களை மட்டும் உறவினர் வந்து கூட்டிப்போனால், மிச்சமிருப்பவர்கள் ஆரோக்கியமாகத் தெரிவார்கள், அரிசி நிரபராதி ஆகிவிடும். எந்தக் கணிதமும் இதைத் தானாகக் கண்டுபிடிக்காது. ஃபிளெட்சரின் புழுங்கல் பக்கத்தில் நோய் கண்ட சிலர், விடுதிக்குள் வரும்போதே நோயோடு வந்தவர்கள். அவர்களைப் புழுங்கலின் தலையில் கட்டக் கூடாது என்று அவர் பிரித்துச் சொன்னது, கணிதம் கற்பதற்கு முன்பே கணிதக்காரன் செய்ய வேண்டியதைச் செய்தது.

ஃபிளெட்சர் முடித்த கையோடு கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஹென்றி ஃபிரேசரும் தாமஸ் ஸ்டாண்டனும் இன்னும் இறுக்கமான சோதனைக்கு இறங்கினார்கள். நெகிரி செம்பிலானில், ஜெலெபுப் பக்கத்து டூரியான் டிப்புஸ் காட்டில் சாலை போட்டுக்கொண்டிருந்த ஜாவானியத் தொழிலாளிகள் ஏறத்தாழ 300 பேர். புதிய காடு, புதிய குடிசை. பழைய கட்டடத்துக் கிருமி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரு கூட்டத்துக்கு வெள்ளை அரிசி, இன்னொன்றுக்குப் புழுங்கல். ஏறத்தாழ மூன்று மாதம் எதுவும் நடக்கவில்லை. அதன் பிறகு வெள்ளை அரிசிக் கூட்டத்தில் ஒவ்வொருவராக விழத் தொடங்கினார்கள். அவர்களைப் புழுங்கலுக்கு மாற்றியதும் நின்றது. புழுங்கல் கூட்டத்தை வெள்ளை அரிசிக்கு மாற்றியதும், மறுபடியும் சில மாத இடைவெளிக்குப் பின், அங்கே தொடங்கியது.

அந்த மூன்று மாத மௌனம் கணக்காளனுக்கு மிக ருசியான இடம். அறுபதாம் நாளில் கணக்கை மூடியிருந்தால் முடிவு: அரிசிக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை. இருநூறாம் நாளில் மூடியிருந்தால்: நிச்சயம் சம்பந்தம். ஒரே சோதனை, ஒரே மனிதர்கள். எத்தனை பேர் என்ற கேள்விக்கு எப்போது என்பதைச் சேர்க்காமல் பதில் இல்லை. லாக்-ரேங்க் முறை இந்த மௌனத்தில் தடுக்கி விழுவதில்லை. யாரும் விழாத நாளுக்கு அதில் கணக்கே கிடையாது, விழுந்த நாள்தான் பேசும். வேறு சோதனைகள் அப்படியல்ல. 1965இல் எட்மண்ட் கெஹான் தந்த சோதனை, அதிகம் பேர் களத்தில் இருக்கும் தொடக்க நாட்களுக்குக் கூடுதல் எடை கொடுக்கும். வந்தவுடன் கொல்லும் நோய்க்கு அது கூர்மையானது. பெரிபெரி மாதிரித் தாமதித்து வருவதற்குச் சற்று மழுங்கல். நடுவில் அரிசி மாறிய ஜாவானியர்களையோ இந்த எளிய சோதனைகளில் எதிலும் நேராகப் போட முடியாது. ஒருவன் ஜனவரியில் வெள்ளைக் கட்சி, மேயில் புழுங்கல் கட்சி. ஒவ்வொரு நோயாளி விழும் நாளிலும், அன்று களத்தில் இருந்த ஒவ்வொருவரும் அப்போது எந்த அரிசி சாப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று கேட்கும் வழியை 1972இல் டேவிட் காக்ஸ் தந்தார். ஜெலெபு காட்டுக் கணக்கு அவருக்காகவே அறுபது ஆண்டு காத்திருந்த மாதிரி இருக்கிறது.

சோதனை காரணத்தைச் சொல்லிவிடாது என்பதையும் இங்கேயே பார்க்கலாம். அரிசிதான் என்பதில் பிராடன் சரி. ஆனால் வெள்ளை அரிசியில் பூஞ்சை நஞ்சு இருக்கிறது என்று நினைத்தார். ஃபிளெட்சரோ நஞ்சாக இருக்கலாம், சத்துக் குறைவாக இருக்கலாம் என்று கதவைத் திறந்தே வைத்தார். ஃபிரேசரும் ஸ்டாண்டனும் தீட்டும்போது உதிரும் தவிட்டில்தான் ஏதோ போகிறது என்று கண்டார்கள். 1910இல் மணிலாவில் கூடிய மருத்துவ மாநாடு தீட்டிய அரிசியைக் குற்றவாளியாகத் தீர்மானித்தது. அந்த ஏதோ ஒன்றை ஜாவாவில் யான்சனும் டோனத்தும் படிகமாகப் பிரித்தெடுக்க 1926 ஆனது.

கணக்கு முறை பிறந்ததோ வேறு வழியில். கால அளவுகளை ஆயுள் காப்பீட்டுக்காரர்கள் பல காலமாக அட்டவணை போட்டு வந்தார்கள். 1958இல் கப்லானும் மையரும், நடுவில் போனவர்களையும் சேர்த்து உயிர்வாழ்வுக் கோட்டைப் படிப்படியாக வரையும் வழி கொடுத்தார்கள். அதற்கு ஓராண்டு கழித்து மான்டெலும் ஹென்செலும், தனித்தனி நான்கு கட்ட அட்டவணைகள் பலவற்றை ஒரே சோதனையாகக் கூட்டுவது எப்படி என்று காட்டினார்கள். 1966இல் மான்டெலுக்குத் தோன்றியது இது: ஒவ்வொரு சாவு நாளையும் ஒரு நான்கு கட்ட அட்டவணையாக எடுத்தால் என்ன? இந்தப் பக்கம், அந்தப் பக்கம், செத்தவர், நின்றவர். அட்டவணைகளைக் கூட்டிவிட்டால் சோதனை முடிந்தது. 1972இல் பீட்டோ இருவர் அதற்கு லாக்-ரேங்க் என்று பெயர் வைத்தார்கள். காக்ஸின் சமன்பாட்டிலிருந்து 1948இல் சி. ஆர். ராவ் தந்த ஸ்கோர் சோதனையை எடுத்தால் அதே லாக்-ரேங்க் வந்து நிற்கும். கல்கத்தாவின் புள்ளியியல் கழகத்தில் வளர்ந்த அந்த மனிதரின் கை இதிலும் இருக்கிறது.

அட்டவணைகளைக் கூட்டும் அந்தச் சிக்கலோடு அதே ஆண்டுகளில் மதராஸிலும் ஒருவர் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். 1956இல் உலக சுகாதார நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மதராஸ் அரசு, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாலும் சேர்ந்து சேத்துப்பட்டில் காசநோய் மருத்துவ ஆய்வு மையத்தைத் தொடங்கின. காசநோய்க்காரனை சானடோரியத்தில் படுக்கவைத்தே ஆக வேண்டுமா, குடிசையில் இருந்தபடியே மாத்திரை கொடுத்தால் போதாதா என்பது கேள்வி. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் வீட்டில் 86 விழுக்காடு, சானடோரியத்தில் 92 விழுக்காடு. ஆறு விழுக்காட்டு இடைவெளி தற்செயலாகவும் வரக்கூடியது என்றது சோதனை. தற்செயலாக வரலாம் என்பதற்கு வித்தியாசமே இல்லை என்று பொருளில்லை. அதனால்தான் அவர்கள் கணக்கை ஓராண்டோடு மூடவில்லை. யாருக்கு நோய் திரும்பியது, எப்போது திரும்பியது, வீட்டில் கூட இருந்த பிள்ளைகளுக்கு ஒட்டியதா என்று ஐந்து ஆண்டு பின்தொடர்ந்தார்கள். வீட்டு வைத்தியம் தாழ்ந்துவிடவில்லை. காசநோய் வைத்தியம் உலகெங்கும் படுக்கையிலிருந்து இறங்கியதற்கு இந்த மதராஸ் முடிவு பெரிய காரணம்.

அந்த மையத்தின் புள்ளியியலாளர் எஸ். ராதாகிருஷ்ணா. நோய் முற்றியவர், முற்றாதவர் என்று நோயாளிகளைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கும்போது ஒவ்வொரு பிரிவிலும் ஒரு சிறு அட்டவணை கிடைக்கும். தனியாக எதுவும் பேசாது. எல்லாவற்றையும் கூட்ட எந்த வழி எந்த நிலையில் சிறந்தது என்று ஆராய்ந்து, 1965இல் பயோமெட்ரிக்ஸ் இதழில் எழுதினார். அதில் காலம் பற்றிய பேச்சு இல்லை. அதை அடுத்த ஆண்டு மான்டெல் சேர்த்தார். ஆனால் கூட்டலின் இலக்கணம் மதராஸிலும் எழுதப்பட்டது என்பதை நம் பாடப்புத்தகங்கள் சொல்வதில்லை, சொல்லலாம்.

பதினெட்டாவது ஆளுக்குத் திரும்புகிறேன். இன்று இப்படியொரு சோதனை நடந்தால், வெளியாள் குழு ஒன்று இடையிடையே கணக்கைத் திறந்து பார்க்கும். ஆறு சாவு நடந்து ஆறும் ஒரே பக்கம் என்றால், எல்லோரும் களத்தில் இருப்பதாக வைத்து மேலே போட்ட அதே பெருக்கலில், வாய்ப்பு எழுபதில் ஒன்று என்ற அளவுக்கு இறங்கியிருக்கும். பன்னிரண்டாவதில் சில ஆயிரத்தில் ஒன்று. ஆனால் அடிக்கடி திறந்து பார்த்தால் தற்செயலும் ஒருமுறை உண்மை மாதிரி வேடம் போடும் என்பதால், இடைக்கணக்கில் நிறுத்த மிகக் கடுமையான வரம்பு வைப்பார்கள். அந்த வரம்பில்கூட கிழக்கு விடுதிச் சோதனை பத்துப் பன்னிரண்டு சாவுக்குள் நின்றிருக்கும் என்பது என் கணிப்பு. மீதி ஆறு பேருக்கு மேற்கு விடுதியின் சோறு போயிருக்கும்.

1994இல் பினாங்கு தனக்கென ஒரு புற்றுநோய்ப் பதிவேட்டைத் தொடங்கியது. மக்கள்தொகை முழுவதையும் தழுவிய வகையில் மலேசியாவில் அதுதான் முதல். அடுத்த அத்தியாயத்தில் அந்தப் பதிவேட்டைத் திறப்போம்.

(தொடரும்)